“உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்”: நேர்முகத் தேர்வுக்குப் பதில்களை எப்படித் தயார் செய்வது?

நேர்முகத் தேர்வு அறைக்குள் நம் பிள்ளை ஒருவர் போகிறார். சட்டை இஸ்திரி போட்டிருக்கிறது. கோப்பில் எஸ்பிஎம் சான்றிதழ், பள்ளி விடும் சான்றிதழ், அடையாள அட்டை நகல் எல்லாம் வரிசையாக இருக்கின்றன. மேசைக்கு அப்பால் உட்கார்ந்திருப்பவர் முதல் கேள்வியைக் கேட்கிறார்: “செரித்தாகான் செடிக்கிட் தெந்தாங் டிரி ஆவாக்.” உங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள்.

பதில் வருகிறது. “சாயா ஆனாக் கெத்திகா டாரிபாடா லீமா ஆடிக்-பெராடிக்...” பெயர், வயது, ஐந்து பேரில் மூன்றாவது பிள்ளை, அப்பா லாரி ஓட்டுநர், அம்மா இல்லத்தரசி, பொழுதுபோக்கு காற்பந்து. முப்பது விநாடியில் பதில் முடிந்துவிடுகிறது. பிறகு மௌனம்.

இந்தப் பதிலில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இது ஆரம்பப் பள்ளியில் எழுதிய ‘நான்’ கட்டுரை. கேட்டவருக்கு இதில் எடுத்துக் குறித்துக்கொள்ள ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தப் பிள்ளை எட்டு மாதம் மளிகைக் கடையில் சரக்குப் பார்த்திருக்கலாம். நோயாளியான பாட்டியை இரண்டு வருடம் கவனித்திருக்கலாம். தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில் வசூல் கணக்கு எழுதியிருக்கலாம். இவற்றில் ஒன்றுகூட வாயிலிருந்து வரவில்லை. “இதெல்லாம் ஒரு அனுபவமா?” என்று அவரே ஒதுக்கி வைத்துவிட்டார்.

நம் பிள்ளைகளில் பலர் வேலை தெரியாமல் வாய்ப்பை இழப்பதில்லை. தெரிந்ததைச் சொல்லத் தெரியாமல் இழக்கிறார்கள். இதைத் திருத்திக்கொள்ளப் பட்டமோ பணமோ தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் மூன்று மாலை நேரமும் போதும்.

எல்லாக் கேள்விகளுக்கும் பின்னால் மூன்று சந்தேகங்கள்

கேட்பவர் எத்தனை கேள்வி கேட்டாலும் அவர் மனத்தில் இருப்பவை மூன்றே சந்தேகங்கள். ஒன்று, இவரால் இந்த வேலையைச் செய்ய முடியுமா? இரண்டு, இவர் தினமும் நேரத்துக்கு வருவாரா, மூன்று மாதத்தில் நின்றுவிடுவாரா? மூன்று, மற்றவர்களோடு ஒத்துப்போவாரா?

“உங்கள் பலம் என்ன?” என்பது முதல் சந்தேகம். “ஏன் முந்தைய வேலையை விட்டீர்கள்?”, “எங்கே தங்கியிருக்கிறீர்கள்?” என்பவை இரண்டாவது. “மேற்பார்வையாளர் உங்களைத் திட்டினால் என்ன செய்வீர்கள்?” என்பது மூன்றாவது. ஒரு கேள்வி புதிதாக வந்தால் பதற வேண்டாம். இது மூன்றில் எந்தச் சந்தேகம் என்று ஒரு கணம் யோசியுங்கள். எதைப் பற்றிப் பேச வேண்டும் என்பது தெளிவாகிவிடும்.

இணையத்தில் கிடைக்கும் மாதிரிப் பதில்களை மனப்பாடம் செய்வதால் இந்தச் சந்தேகங்கள் தீராது. “நான் கடின உழைப்பாளி, குழுவாகச் செயல்படுவேன், விரைவாகக் கற்றுக்கொள்வேன்” என்று காலையிலிருந்து வந்த பத்துப் பேரும் சொல்லியிருப்பார்கள். மனப்பாடம் செய்ததில் இன்னோர் ஆபத்தும் உண்டு. நடுவில் ஒரு வரி மறந்தால் முழுப் பதிலும் நின்றுபோகும். உங்களுக்கே நடந்த சம்பவம் அப்படி மறக்காது.

முதல் மாலை: ஐந்து சம்பவங்கள்

பேச்சுக்காக ஒருவரை எடுத்துக்கொள்வோம். கெடாவில் ஒரு தோட்டத்தில் வளர்ந்த பெண். எஸ்பிஎம் முடித்து ஓராண்டு ஆகிறது. பட்டணத்து மளிகைக் கடை ஒன்றில் எட்டு மாதம் வேலை செய்திருக்கிறார். இப்போது கையுறைத் தொழிற்சாலை ஒன்றில் தர ஆய்வாளர் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறார்.

முதல் மாலை அவர் செய்ய வேண்டியது இதுதான். வேலை அறிவிப்பை நோட்டில் எழுதி, அதில் கேட்கப்பட்டவற்றை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். கவனமாகப் பார்ப்பவர், ஷிப்டு வேலைக்கு வரக்கூடியவர், பதிவேடு எழுதத் தெரிந்தவர் என்று மூன்று இருக்கலாம். பிறகு எதிர்ப் பக்கத்தில் தன் வாழ்க்கையிலிருந்து ஐந்து சம்பவங்களை எழுத வேண்டும். பெரிய சாதனைகள் வேண்டாம். ஒரு சிக்கல் வந்தது, நான் இதைச் செய்தேன், கடைசியில் இப்படி ஆனது என்று சொல்லக்கூடிய சம்பவங்கள் போதும்.

அவருடைய ஒரு சம்பவம் இப்படி இருக்கலாம். கடைக்குப் பால்டின் சரக்கு வந்தது. பில்லில் இருபது பெட்டி. அவர் எண்ணிப் பார்த்தால் பதினெட்டு. லாரி ஓட்டுநர் அவசரப்படுத்தினார். அவர் கையெழுத்துப் போடாமல் ஓட்டுநர் முன்னாலேயே மறுபடி எண்ணி, பில்லில் பதினெட்டு என்று திருத்தி எழுதி வாங்கி, முதலாளியிடம் காட்டினார். அதன்பிறகு சரக்கு வரும் நாள்களில் அவரையே நிற்கச் சொன்னார் முதலாளி.

இதைவிட நல்ல பதில் தர ஆய்வாளர் வேலைக்கு வேறு ஏது? எண்ணிப் பார்க்கும் கவனம், அவசரப்படுத்தினாலும் விட்டுக்கொடுக்காத குணம், மேலே உள்ளவரிடம் தெரிவிக்கும் பழக்கம் மூன்றும் இதில் இருக்கின்றன. ஆனால் “பகுதி நேரமாக ஒரு கடையில் இருந்தேன்” என்று ஒரே வரியில் அவர் இதை முடித்திருப்பார்.

வேலையே செய்யாதவர்களுக்கும் சம்பவங்கள் உண்டு. ஆலயத் திருவிழாவில் அன்னதானத்துக்கு ஆள் பிரித்தது, பள்ளி விளையாட்டுப் போட்டியில் இல்லத் தலைவராக இருந்தது, அப்பாவை மருத்துவமனைக்கு அழைத்துப்போய் மருந்து நேரம் தவறாமல் பார்த்துக்கொண்டது, பழுதான மோட்டாரைத் தானே கழற்றிச் சரி செய்தது. இவற்றை வீட்டு விஷயம் என்று ஒதுக்காதீர்கள். பொறுப்பு எங்கே எடுத்திருந்தாலும் அது பொறுப்புத்தான்.

இனி அடிக்கடி வரும் கேள்விகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்

ஒரு நிமிடப் பதில் போதும். இப்போது என்ன செய்கிறீர்கள், அதற்கு முன் என்ன செய்தீர்கள், ஏன் இந்த வேலைக்கு வந்தீர்கள் என்ற வரிசையில் சொல்லுங்கள். குடும்ப விவரம் கேட்டால் மட்டும் சொன்னால் போதும்.

நம் உதாரணப் பெண் இப்படிச் சொல்லலாம்: “நான் எஸ்பிஎம் முடித்து ஓராண்டு ஆகிறது. அதில் எட்டு மாதம் ஒரு மளிகைக் கடையில் வேலை செய்தேன். வரும் சரக்கைப் பில்லோடு சரிபார்ப்பதும் காலாவதித் தேதி பார்ப்பதும் என் பொறுப்பு. பிழை கண்டுபிடிக்கிற அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. உங்கள் அறிவிப்பில் தர ஆய்வாளர் வேலை என்று பார்த்தபோது அதே திறமை இங்கே பயன்படும் என்று தோன்றியது. அதனால் விண்ணப்பித்தேன்.”

இதில் ஓர் அலங்காரச் சொல்லும் இல்லை. ஆனால் கேட்டவருக்கு அடுத்த கேள்வி தயார்: “அப்படியா? என்ன பிழை கண்டுபிடித்தீர்கள்?” உடனே பால்டின் சம்பவம் வரும். முதல் பதிலைச் சரியாகச் சொன்னால் அடுத்த கேள்வி நமக்குத் தெரிந்த பக்கமே வரும்.

2. ஏன் எங்கள் நிறுவனத்தில் வேலை செய்ய விரும்புகிறீர்கள்?

“வீட்டுக்குப் பக்கம்”, “அக்கா இங்கேதான் வேலை செய்கிறார்” என்பவை நாம் அதிகம் சொல்லும் பதில்கள். அவை தவறானவை அல்ல. பக்கத்தில் இருப்பவர் நேரத்துக்கு வருவார் என்பது முதலாளிக்கும் நல்லதுதான். ஆனால் அதோடு நின்றுவிட்டால், வேறு ஏதாவது பக்கத்தில் கிடைத்தால் போய்விடுவார் என்ற எண்ணம் வரும்.

போவதற்கு முன் மூன்று விஷயம் தெரிந்துகொள்ளுங்கள்: அந்த நிறுவனம் என்ன செய்கிறது, அதை யார் வாங்குகிறார்கள், நீங்கள் கேட்கும் வேலையில் ஒரு நாள் எப்படிப் போகும். கையுறைத் தொழிற்சாலை என்றால், இன்று கையுறைகள் பல மரத்துப் பாலில் அல்ல, நைட்ரைல் என்ற செயற்கை ரப்பரில் செய்யப்படுகின்றன என்பது தெரிந்திருக்கலாம். மருத்துவக் கையுறையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க அதற்குள் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றிக் கசிவைச் சோதிக்கும் முறை உண்டு என்பது தெரிந்திருக்கலாம். அங்கே ஏற்கெனவே வேலை செய்யும் அக்காவிடம் கேட்டாலே இதெல்லாம் தெரிந்துவிடும். அப்போது, “என் அக்கா இங்கே மூன்று வருடமாக வேலை செய்கிறார். தர ஆய்வுப் பிரிவில் எப்படிச் சோதிக்கிறார்கள் என்று அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்” என்று சொல்லலாம். அதே அக்காதான், ஆனால் பதில் வேறாகிவிட்டது.

3. உங்கள் பலம் என்ன, பலவீனம் என்ன?

பலத்தை ஒரு சொல்லாகச் சொல்லாமல் ஒரு சம்பவத்தோடு சொல்லுங்கள். “நான் நேரம் தவறாதவள்” என்பதைவிட, “தோட்டத்திலிருந்து காலை ஆறு மணிக்கு ஒரே ஒரு பஸ். எட்டு மாதத்தில் இரண்டு நாள்தான் தாமதமாகப் போயிருக்கிறேன், இரண்டு நாளும் முன்னதாகவே போன் செய்து சொன்னேன்” என்பது நிற்கும்.

பலவீனத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். “எனக்குப் பலவீனமே இல்லை” என்றால் நம்ப மாட்டார்கள். “அளவுக்கு மீறி உழைப்பேன், அதுதான் என் பலவீனம்” என்பது பழைய தந்திரம், கேட்டுக் கேட்டு அவர்களுக்கு அலுத்துவிட்டது. உண்மையான ஒன்றைச் சொல்லுங்கள். ஆனால் அந்த வேலையின் உயிர்நாடியாக இருப்பதைச் சொல்லாதீர்கள். அதைத் திருத்த இப்போது என்ன செய்கிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். “ஆங்கிலத்தில் பேசக் கூச்சமாக இருக்கும். படித்தால் புரியும், பேச வராது. இப்போது தினமும் தம்பியோடு பத்து நிமிடம் ஆங்கிலத்தில் பேசிப் பழகுகிறேன்.” இது போதும். பொருத்தமில்லாத ஆளாக உங்களைக் காட்டிக்கொள்ளவும் இல்லை, பொய்யும் சொல்லவில்லை.

4. ஒரு சிக்கலை எப்படிச் சமாளித்தீர்கள்?

இந்தக் கேள்வி இப்போது தொழிற்சாலை, வங்கி, பேரங்காடி எங்கும் கேட்கப்படுகிறது. நீங்கள் எழுதி வைத்த ஐந்து சம்பவங்கள் இதற்குத்தான். என்ன நடந்தது என்பதை இரண்டு வரியில் முடித்துவிட்டு, நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதற்கு நேரம் கொடுங்கள். கடைசியில் முடிவு என்ன என்று சொல்ல மறக்காதீர்கள்.

நம் பேச்சில் ஒரு பழக்கம் உண்டு. “நாங்க எல்லாரும் சேர்ந்து செஞ்சோம்” என்போம். தன்னைத்தானே புகழ்ந்துகொள்ளக் கூடாது என்று வளர்த்திருக்கிறார்கள். அது நல்ல பண்புதான். ஆனால் நேர்முகத் தேர்வில் கேட்பவர் தேடுவது உங்களை. ஆறு பேர் சேர்ந்து பந்தல் போட்டிருந்தாலும், அதில் தண்ணீர்ப் பெட்டிகளை வரவழைக்கும் பொறுப்பு உங்களுடையது என்றால் அதைச் சொல்லுங்கள். மற்றவர் செய்ததை உங்களுடையதாகச் சொன்னால்தான் தவறு.

5. ஏன் இடைவெளி? ஏன் வேலையை விட்டீர்கள்?

எஸ்பிஎம் முடித்து இரண்டு வருடம் வீட்டில் இருந்தவர்கள் இந்தக் கேள்விக்குப் பயப்படுகிறார்கள். உண்மையை இரண்டு வரியில் சொல்லிவிட்டு நிகழ்காலத்துக்கு வந்துவிடுங்கள். “அப்பாவுக்கு வாரம் மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்பு. அழைத்துப்போக வீட்டில் நான் ஒருவன்தான் இருந்தேன். இப்போது தம்பிக்கு மோட்டார் உரிமம் கிடைத்துவிட்டது, அவன் அழைத்துப் போகிறான். நான் முழு நேர வேலைக்குத் தயார்.” கடைசி வரிதான் முக்கியம். அந்தக் காரணம் இன்னும் இருக்கிறதா என்பதே அவருடைய சந்தேகம்.

முந்தைய வேலையில் சம்பளம் தாமதமாகியிருக்கலாம், மேற்பார்வையாளர் மரியாதை இல்லாமல் பேசியிருக்கலாம். அந்தக் கோபம் நியாயமானதாகவும் இருக்கலாம். ஆனாலும் புதிய இடத்தில் உட்கார்ந்து பழைய முதலாளியைத் திட்ட வேண்டாம். நாளைக்கு நம்மையும் இப்படித்தான் பேசுவார் என்று எண்ணிவிடுவார்கள். “அங்கே சரக்கு வேலை நன்றாகக் கற்றுக்கொண்டேன். அதற்கு மேல் வளர இடம் இல்லை. நிரந்தர வேலை தேடுகிறேன்” என்பது போதுமானது.

6. எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறீர்கள்?

“ஈக்குட் கம்பெனி.” நிறுவனம் கொடுப்பது போதும் என்று சொல்லித் தலையை ஆட்டிவிட்டு வருகிறோம். முதல் மாதச் சம்பளச் சீட்டைப் பார்த்த பிறகுதான் கணக்குப் போடுகிறோம். கணக்கை முன்னதாகவே போட்டுவிட்டுப் போங்கள்.

மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. ஐந்து பேருக்கு மேற்பட்டோ ஐந்து பேரோ வேலை செய்யும் இடங்களுக்கு 2025 பிப்ரவரி 1 முதலும், அதற்குக் குறைவானவர்கள் உள்ள இடங்களுக்கு 2025 ஆகஸ்டு 1 முதலும் இது நடப்புக்கு வந்தது. இது அடிப்படைச் சம்பளம். வருகைப் படி, போக்குவரத்துப் படி, ஓ.டி. எல்லாவற்றையும் கூட்டி 1,700 காட்டுவது கணக்கு அல்ல.

அந்த 1,700 முழுவதும் கைக்கு வராது. இபிஎஃப் சேமிப்புக்கு உங்கள் பங்கு 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி பிடிப்பார்கள். சொக்சோவுக்கும் வேலைக் காப்புறுதிக்கும் இன்னும் சில வெள்ளி போகும். கையில் ஏறக்குறைய 1,500 வெள்ளி நிற்கும். இபிஎஃப் பணம் எங்கும் போய்விடவில்லை. உங்கள் பங்கோடு முதலாளியும் 13 விழுக்காடு சேர்த்து உங்கள் பெயரில் போடுகிறார். “இபிஎஃப் பிடிக்காமல் முழுச் சம்பளமும் கையில் தருகிறோம்” என்று எங்காவது சொன்னால் மகிழ வேண்டாம். மாதம் 221 வெள்ளியை, முதலாளி தர வேண்டிய பங்கை, நீங்கள் இழக்கிறீர்கள். அதோடு வேலையிடத்தில் விபத்து நேர்ந்தால் சொக்சோ பாதுகாப்பும் கேள்விக்குறியாகிவிடும்.

அந்த 1,500 வெள்ளியில் பெட்ரோல் எவ்வளவு, அறை வாடகை எவ்வளவு, வீட்டுக்கு எவ்வளவு என்று நோட்டில் எழுதுங்கள். பிறகு ஒரு தொகையை முடிவு செய்யுங்கள். பதில் இப்படி இருக்கலாம்: “இந்த வட்டாரத்தில் இந்த வேலைக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று விசாரித்தேன். அடிப்படைச் சம்பளம் 1,800 வெள்ளி எதிர்பார்க்கிறேன். படிகளைப் பொறுத்து அதைப் பற்றிப் பேசலாம்.” விசாரித்துவிட்டுச் சொல்லுங்கள், அதுதான் முக்கியம். அவர்கள் ஒரு தொகை சொன்னால், “அது அடிப்படைச் சம்பளமா, படிகளும் சேர்ந்ததா?” என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதும் இல்லை.

7. ஷிப்டு வேலைக்கு வருவீர்களா?

இங்கே உடனே “போலே, போலே” என்று சொல்லிவிடுகிறோம். வேலையும் கிடைத்துவிடுகிறது. இரண்டாவது வாரத்தில் இரவு ஷிப்டு வந்ததும் வீட்டில் சண்டை. அப்பா அனுப்பமாட்டேன் என்கிறார். பிள்ளை வேலையை விட்டு நின்றுவிடுகிறது. அடுத்த முறை அதே தோட்டத்திலிருந்து இன்னொரு பிள்ளை போகும்போது, “அந்தப் பக்கத்து ஆட்கள் நிற்க மாட்டார்கள்” என்ற பெயர் காத்திருக்கிறது.

இந்தக் கேள்விக்குப் பதிலை வீட்டில்தான் தயார் செய்ய வேண்டும். இரவு ஷிப்டு உண்டா, தொழிற்சாலைப் பஸ் தோட்டத்துச் சாலை வரை வருமா, விடிகாலையில் இறங்கினால் யார் வந்து அழைத்துப்போவது என்று அம்மா அப்பாவோடு உட்கார்ந்து பேசுங்கள். பிறகு தெளிவாகச் சொல்லுங்கள்: “வீட்டில் பேசிவிட்டேன், மூன்று ஷிப்டுக்கும் வருவேன். பஸ் எந்த இடம் வரை வரும் என்று தெரிந்தால் உதவியாக இருக்கும்.” முடியாது என்றால் அதையும் இப்போதே சொல்லிவிடுவது இருவருக்கும் நல்லது.

வேலை நேரத்தைப் பற்றியும் தெரிந்து வைத்திருங்கள். 2023 ஜனவரி 1 முதல் வாரத்துக்கு 45 மணி நேரம்தான் சாதாரண வேலை நேரத்தின் உச்ச வரம்பு. அதற்கு முன் 48 மணி நேரமாக இருந்தது. மாதம் 4,000 வெள்ளிக்கு மேல் சம்பளம் வாங்காதவர்களுக்கு, சாதாரண வேலை நாளில் அதற்கு மேல் செய்யும் வேலைக்கு ஒரு மணி நேரச் சம்பளத்தில் ஒன்றரை மடங்கு ஓ.டி. உண்டு.

8. திருமணம், குழந்தை பற்றிக் கேட்டால்?

பெண் பிள்ளைகளிடம் “எப்போது கல்யாணம்?” என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கேட்டவுடன் முகம் மாறிவிடுகிறது, அல்லது தேவையில்லாத வீட்டுக் கதையெல்லாம் வந்துவிடுகிறது. அந்தக் கேள்விக்குப் பின்னால் இருப்பதும் இரண்டாவது சந்தேகம்தான். அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்: “குடும்ப விஷயம் என் வேலையைப் பாதிக்காமல் பார்த்துக்கொள்வேன், புவான். நீண்ட காலம் வேலை செய்யத்தான் வந்திருக்கிறேன்.” அதற்கு மேல் விளக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

9. உங்களுக்கு ஏதாவது கேட்க இருக்கிறதா?

“தாக் அடா” என்று சொல்லி எழுந்துவிடாதீர்கள். இரண்டு கேள்வி எழுதி வைத்துக்கொண்டு போங்கள். “வேலைக்குச் சேர்ந்தால் முதல் மாதம் யார் பயிற்சி கொடுப்பார்கள்?”, “தகுதிகாண் காலம் எத்தனை மாதம்?”, “முடிவை எப்போது எதிர்பார்க்கலாம்?” இவற்றில் இரண்டைக் கேட்டாலே நீங்கள் அக்கறையோடு வந்திருக்கிறீர்கள் என்பது தெரியும்.

இரண்டாம் மாலை: எந்த மொழியில் சொல்வது?

நம்மவர்களுக்குப் பெரிய பயம் மொழிதான். தமிழ்ப்பள்ளியில் படித்து, தோட்டத்தில் தமிழ் பேசி வளர்ந்தவர், மலாயிலோ ஆங்கிலத்திலோ திடீரென்று கதை சொல்ல வேண்டியிருக்கிறது. சம்பவத்தை முதலில் தமிழில் யோசியுங்கள். அதை ஐந்து சிறிய வாக்கியங்களாக மலாயில் எழுதுங்கள். ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தி மட்டும் இருக்கட்டும். ஆங்கிலத்தில் கேட்பார்கள் என்று தெரிந்தால் அதே ஐந்து வாக்கியங்களை ஆங்கிலத்திலும் எழுதுங்கள். பிறகு தாளைப் பார்க்காமல் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். சொல்லும்போது வார்த்தை மாறினால் பரவாயில்லை, வரிசை மாறாமல் இருந்தால் போதும்.

கேள்வி புரியவில்லை என்றால் புரிந்ததுபோல் தலையாட்டாதீர்கள். “மாஃப், போலே உலாங் சோஆலான் தாடி?” என்று கேட்டால் யாரும் மதிப்பெண் குறைப்பதில்லை. தவறான கேள்விக்குச் சொல்லும் பதில்தான் குறைக்கும்.

மாண்டரின் தெரியுமா என்று கேட்டால், தெரியாது என்று நேராகச் சொல்லிவிட்டு, தெரிந்த மொழிகளைச் சொல்லுங்கள். தமிழை விட்டுவிடாதீர்கள். தமிழ் பேசும் வாடிக்கையாளர்கள் வரும் வங்கிக் கிளை, மருந்தகம், தொலைத்தொடர்புக் கடைகளில் அது உங்களுக்குக் கூடுதல் தகுதி.

அரசாங்க வேலை என்றால்

பொதுச் சேவை ஆணையம், அதாவது எஸ்பிஏ நடத்தும் நேர்முகத் தேர்வில் மலாய்தான் முதன்மை மொழி. மேலே சொன்ன கேள்விகளோடு இன்னும் சிலவற்றுக்கும் தயாராக வேண்டும். நீங்கள் கேட்கும் பதவியின் கடமைகள் என்ன, அது எந்த அமைச்சின் கீழ் வருகிறது, அந்த அமைச்சர் யார் என்பவை அடிப்படை. 1970 ஆகஸ்டு 31 அன்று பிரகடனம் செய்யப்பட்ட ருக்குன் நெகாராவின் ஐந்து கோட்பாடுகளும் நாவில் இருக்கட்டும். அண்மைய நாட்டு நடப்பு இரண்டைத் தெரிந்துகொண்டு, அதைப் பற்றி உங்கள் கருத்தை நான்கு வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள். இந்தப் பகுதியை மட்டும் படித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் “ஏன் இந்தப் பதவி?” என்று கேட்கும்போது இங்கேயும் உங்கள் சொந்தச் சம்பவமே உதவும். “அரசாங்க வேலை நிரந்தரம்” என்ற பதிலை வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் மாலை: வாய்விட்டுப் பேசுங்கள்

மனத்துக்குள் ஒத்திகை பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். வாயைத் திறந்தால்தான் எங்கே தடுக்குகிறது என்று தெரியும். அக்கா, அண்ணன், பக்கத்து வீட்டு ஆசிரியர் யாரையாவது எதிரில் உட்காரவைத்து ஒன்பது கேள்வியையும் மாற்றி மாற்றிக் கேட்கச் சொல்லுங்கள். யாரும் இல்லையென்றால் கைப்பேசியில் பதிவு செய்து கேளுங்கள். பதில் இரண்டு நிமிடத்தைத் தாண்டினால் சுருக்குங்கள். பத்து விநாடியில் முடிந்தால் ஒரு சம்பவத்தைச் சேருங்கள்.

நேர்முகத் தேர்வு காணொளி வழியாக என்றால் முதல் நாளே கைப்பேசி லைன் சோதித்துப் பாருங்கள். தோட்டத்தில் லைன் சரியில்லை என்றால் பட்டணத்தில் உறவினர் வீட்டுக்கோ நூலகத்துக்கோ போய்விடுவது நல்லது. பாதியில் துண்டிக்கப்பட்டால் எந்த எண்ணுக்கு அழைப்பது என்றும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு செய்தும் வேலை கிடைக்காமல் போகலாம். ஒரே இடத்துக்கு ஐம்பது பேர் வந்திருக்கலாம். அன்று மாலையே நோட்டை எடுத்து, எந்தக் கேள்விகள் வந்தன, எதில் தடுமாறினீர்கள் என்று எழுதிவிடுங்கள். அடுத்த இடத்துக்கு அது உதவும். சொக்சோ நடத்தும் மைஃபியூச்சர்ஜாப்ஸ் தளத்தில் இலவசமாகப் பதிந்து தொடர்ந்து விண்ணப்பியுங்கள்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்கு மலாய் சரளமாக வராமல் இருக்கலாம், நேர்முகத் தேர்வையே பார்த்திராதவராகவும் இருக்கலாம். ஆனால் உங்கள் பிள்ளை எப்போது பொறுப்பாக நடந்துகொண்டது என்பது உங்களுக்குத்தான் தெரியும். “அன்னைக்கு லைன் வீட்டுல தண்ணி நின்னப்ப நீதானே ஆபீசுக்குப் போய்ப் பேசுன?” என்று நீங்கள் எடுத்துக் கொடுத்தால், அந்த ஐந்து சம்பவங்களில் ஒன்று அங்கேயே கிடைத்துவிடும். இன்று இரவு சாப்பிட்டு முடித்ததும், ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டுப் பாருங்கள்.